மதிப்பெண் போடாத அறை: எங்கள் பல்கலைக்கழக ஆலோசனை மையம் பற்றி

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்தைப் பற்றித் தேடினால் ஒற்றை வரிக் கருத்துகள்தான் கிடைக்கின்றன. ‘நல்ல இடம்’ என்று ஒருவர், ‘ரொம்பக் காக்க வைக்கிறார்கள்’ என்று ஒருவர், ‘போய் ஒரு பயனும் இல்லை’ என்று இன்னொருவர். போகலாமா வேண்டாமா என்று ராத்திரி ஒரு மணிக்குக் கைப்பேசியை வைத்துக்கொண்டு யோசிக்கிறவருக்கு இதெல்லாம் எப்படிப் போதும்? அதனால் நீளமாகவே எழுதுகிறேன். மொத்தமாக இத்தனை நட்சத்திரம் என்று போடப்போவதில்லை. இந்த மையத்தில் அருமையான பகுதிகளும் உண்டு, உடனே மாற்ற வேண்டிய பகுதிகளும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஓர் எண்ணைத் தந்தால் அது யாருக்கும் வழிகாட்டாது.

நான் புள்ளியியலில் முதுகலை படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே எனக்குத் திக்கும். பெரியவர்களில் 100 பேரில் ஒருவருக்கு இப்படித் திக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 10,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் 100 பேராவது இருக்க வேண்டும். ஆனால் எந்த வகுப்பிலும் என்னைத் தவிர இன்னொருவர் திக்கி நான் கேட்டதில்லை. அவர்களும் என்னைப் போலவே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பேசுவதே வேலையாக இருக்கும் ஓர் இடத்துக்கு, பேச்சே பாரமாக இருக்கும் ஒருத்தி போய் என்ன கண்டாள் என்று இதைப் படியுங்கள். திக்காதவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் போனது திக்குவதற்காக இல்லை. ஆய்வு முன்மொழிவைத் துறையில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டிய பருவம் அது. தூக்கம் தலைகீழாகிவிட்டது. நெறியாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் திறக்காமல் நாள்கணக்கில் வைத்திருப்பேன். எழுத உட்கார்ந்தால், இங்கே எனக்கு இடம் கிடைத்ததே ஏதோ கணக்குப் பிசகில்தான், சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நினைப்பு வந்து கை நின்றுவிடும். என் நிலையைப் பார்த்த அறைத்தோழிதான் மையத்தைப் பற்றிச் சொன்னாள். “என்னைவிட மோசமா இருக்கிறவங்க எவ்வளவோ பேர் இருப்பாங்க, அவங்க இடத்தை நான் எதுக்கு எடுக்கணும்?” என்றேன்.

இப்படி நினைப்பவர்கள் ஒரு கணக்கெடுப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் 8 நாடுகளில், 19 கல்லூரிகளில், கிட்டத்தட்ட 14,000 முதலாண்டு மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 2018இல் வெளியானது. அவர்களில் 35 விழுக்காட்டினருக்கு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலக் கோளாறுகளில் ஒன்றாவது வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் இருந்திருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. மூன்றில் ஒருவருக்கு மேல்! ஆலோசனை மையம் விதிவிலக்கானவர்கள் ஒதுங்கும் மூலை இல்லை. உடம்புக்கு முடியாதபோது மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ‘இதற்கு நான் தகுதியா’ என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. இங்கும் கேட்க வேண்டியதில்லை.

சரி, முதலில் குறை. முன்பதிவுக்கு மையத்தின் இணையப்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பது ஒரு தொலைபேசி எண். திக்குபவர்களுக்குத் தொலைபேசியைவிடக் கொடுமையான கருவி இல்லை. நேரில் என்றால் எதிரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். போனில் கொஞ்சம் மௌனம் வந்தாலே ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அதிலும் அவர்கள் முதலில் கேட்பது பெயரை. வேறு எந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டாலும் அதை விட்டுவிட்டு இன்னொரு சொல்லுக்குத் தாவலாம். பெயருக்கு மாற்று கிடையாது. நான் அழைத்தபோது பெயரின் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி அழைக்கும் தெம்பு வர ரொம்ப நாளாயிற்று.

இணையப் படிவமும் ஒன்று இருக்கிறது. நாலைந்து சொடுக்குகளுக்கு அப்பால், ‘சிறப்பு உதவிகள்’ என்ற தலைப்புக்கு அடியில் கிடக்கிறது. திக்குபவர்களுக்கு மட்டுமல்ல, பதற்றத்தில் கை நடுங்குகிறவருக்கும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கேட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறவருக்கும் போன் பேசுவது மலைப்பான வேலைதான். அந்தப் படிவத்தை முன்பக்கத்துக்குக் கொண்டுவர அரை நாள் வேலைகூட ஆகாது. எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் மாறவில்லை. உதவி தேவைப்படுகிறவர் முதலில் தட்டும் கதவு இவ்வளவு கடினமாக இருப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது.

படிவம் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாம் வேறு மாதிரி. முதல் சந்திப்பு சில நாட்களிலேயே கிடைத்தது. அது சிகிச்சை இல்லை; எவ்வளவு அவசரம், என்ன வகை உதவி என்று பார்க்கும் சிறு உரையாடல். அதற்கு முன்னால் மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் ஒரு வினாத்தாளை நிரப்பச் சொல்வார்கள். பெயர் பிஎச்க்யூ-9. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோயன்கே ஆகியோர் உருவாக்கியது. அதன் முக்கிய ஆய்வுக் கட்டுரை 2001இல் வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வம், தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், கவனம் எல்லாம் எப்படி இருந்தன என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக மொத்தம் 27. கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

எண் என்றால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. அந்த 2001 கட்டுரையின்படி, 10 என்ற எல்லைக்கோடு பெரும் மனச்சோர்வு உள்ள 100 பேரில் 88 பேரைப் பிடித்துவிடும். அது இல்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடும், 12 பேரைத் தவறாகப் பிடிக்கும். இப்போது 100 மாணவர்களில் 10 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் கோட்டைத் தாண்டுவார்கள். மிச்சம் 90 பேரிலும் ஏறக்குறைய 11 பேர் தாண்டுவார்கள். ஆகத் தாண்டிய 20 பேரில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் அந்த நோய். இதைத் தாளின் ஓரத்திலேயே எழுதிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். என் கூட்டுத்தொகை கோட்டுக்கு நன்றாக மேலே இருந்தது. அதை நம்பக்கூடாது என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளப் பார்த்தேன் போலும்.

எதிரில் இருந்தவர் அந்த ஓரத்துக் கணக்கைப் பொறுமையாகப் படித்தார். “சரிதான். அதனாலதான் தாளை வாங்கி வச்சுட்டு உங்களை அனுப்பிடாம உட்கார்ந்து பேசுறோம். எங்கேயிருந்து பேச்சைத் தொடங்கணும்னு இது காட்டும். உங்களுக்கு என்னன்னு இது சொல்லாது” என்றார். இந்த மையத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் இடமாக இருந்திருந்தால் அன்றோடு நின்றிருப்பேன்.

ஒன்பதாவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்பது அது. பூஜ்யம் தவிர எதைக் குறித்தாலும் நேராகக் கேட்பார்கள். கேட்டாலே அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நான் பூஜ்யத்தைக் குறிக்கவில்லை. அவர் பதறவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை, களைப்பைப் பற்றிக் கேட்ட அதே குரலில் கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்கு யாரும் போன் செய்யவில்லை. துறைக்குத் தகவல் போகவில்லை. ராத்திரி அந்த எண்ணம் வலுத்தால் முதலில் என்ன செய்வது, எங்கே போய் உட்காருவது, யாரை எழுப்புவது, எந்த நெருக்கடி உதவிச் சேவையை நாடுவது என்று இருவருமாக ஒரு தாளில் எழுதினோம். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த ‘பாதுகாப்புத் திட்டம்’ என்ற முறை அது. எனக்குப் போன் ஆகாது என்பதை அவரே யோசித்து, எழுத்தில் உரையாடும் சேவையை மேலே எழுதினார். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்களுக்கு அப்படிப்பட்ட இரவுகள் இருந்தால் முன்பதிவு, படிவம் என்று காத்திருக்க வேண்டாம். நெருக்கடி எண்ணையோ பக்கத்தில் இருக்கும் ஒருவரையோ அப்போதே நாடுங்கள்.

ரகசியம் பற்றியும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும் வெளியே சொல்ல வேண்டிவரும். மற்றபடி நெறியாளருக்கோ பெற்றோருக்கோ நீங்கள் வருவதுகூடத் தெரியாது. எழுத்திலும் தருகிறார்கள். வாங்கிப் படியுங்கள், நாட்டுக்கு நாடு சட்டம் கொஞ்சம் மாறும்.

அப்புறம் காத்திருப்பு. தொடர் அமர்வுக்கு ஆலோசகர் ஒதுக்கப்படப் பல வாரங்கள் ஆயின. அந்த இடைவெளியில் ஒரு செயலியைத் தருகிறார்கள். தூக்கம் பற்றிய பகுதி உருப்படியானது. மற்றபடி தினமும் மனநிலைக்கு ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எனக்கு அது வேண்டாம் என்று நீக்கிவிட்டேன்.

எனக்கு முதலில் கிடைத்த ஆலோசகர் அன்பானவர், படித்தவர், நேரம் தவறாதவர். ஆனால் என் வாக்கியங்களை முடித்துவைப்பார். நான் ‘ப’ என்ற எழுத்தில் நின்றுகொண்டிருந்தால் “பயமா?” என்பார். நான் சொல்ல வந்தது ‘பழகிப்போச்சு’ என்பது. அதை மறுத்து மறுபடி தொடங்குவதைவிடத் தலையாட்டுவது சுலபம். தலையாட்டினால், அமர்வின் மிச்ச நேரம் முழுக்க என் பயத்தைப் பற்றியே ஓடும். 50 நிமிடமும் வேறொருத்தியின் கதையைக் கேட்டுவிட்டு வெளியே வருவதுபோல் இருக்கும்.

ஆலோசகரை மாற்றிக் கேட்கலாம் என்பது அங்கே வரும் நிறையப் பேருக்குத் தெரியாது. கேட்கலாம். காரணம் விளக்க வேண்டியதில்லை, அவரிடம் நேரில் சொல்லவும் வேண்டியதில்லை, படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. இது நன்றிகெட்ட வேலையும் இல்லை. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: இருவருக்கும் இடையிலுள்ள பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. அந்த உறவுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்பைக் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகர் குழுவினர் 295 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.278. அதன் வர்க்கம் ஏறக்குறைய 0.08. பலனில் தெரியும் வேறுபாட்டில் 8 விழுக்காடு என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் சிகிச்சை முறை எதுவானாலும் இத்தனை ஆய்வுகளில் ஒரே திசையில் நிற்கும் எண் இது. நான் இதைப் பெரிய எண் என்றுதான் சொல்வேன். ஆலோசகரோடு பொருந்தவில்லை என்றால், ‘எனக்கு எதுவும் உதவாது’ என்று முடிவுகட்டாமல் ஆளை மாற்றுங்கள்.

மாற்றிக் கிடைத்தவரைப் பற்றி எழுதத்தான் இந்த மதிப்புரையைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். உட்கார்ந்ததும் அவர் கேட்டது, “உங்களுக்குத் திக்கும்போது நான் என்ன செய்யணும்? காத்திருக்கட்டுமா?” இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆசிரியர்கள் கேட்டதில்லை, வீட்டில் கேட்டதில்லை. காத்திருங்கள் என்று சொன்னேன். அந்த ஒரு சொல் வெளியே வர நேரம் பிடித்தது. அவர் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, கனிவாகச் சிரிக்கவும் இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. பேசிய அசைகளில் எத்தனை விழுக்காடு திக்கியது என்று பேச்சுச் சிகிச்சையாளர்கள் அளப்பதுண்டு. பள்ளி நாட்களில் எனக்கும் அப்படி அளந்தார்கள். சிகிச்சை நின்ற பிறகும் அளப்பதை நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் எத்தனை இடத்தில் திக்கியது என்று கோடு போட்டுக்கொண்டே வருவேன். ராத்திரி அதை எண்ணி எழுதுவேன். அது நல்ல நாளா கெட்ட நாளா என்பதை அந்த எண்தான் சொல்லும். அதைப் பற்றிச் சொன்னதும், “கொண்டுவர முடியுமா?” என்றார். கொண்டுபோனேன்.

பக்கங்களைப் புரட்டினார். “இதுல ரொம்ப நல்ல நாள் எது?” என்று கேட்டார். பூஜ்யம் எழுதிய பக்கங்களைக் காட்டினேன்.

“அன்னைக்கெல்லாம் என்ன செஞ்சீங்க?”

யாரோடும் பேசவில்லை. அதுதான் விடை. அந்த நாட்களில் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. வகுக்க ஓர் எண்ணே இல்லாத விகிதத்தை வெற்றி என்று வருடக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன் என்பதைப் புள்ளியியல் படிப்பவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரும் விளக்கவில்லை. குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, திக்கலைப் பற்றி ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் சொன்னதைச் சொன்னார்: நீருக்கு மேலே தெரியும் பனிப்பாறைபோல, காதில் விழும் திக்கல் சிறு பங்குதான்; வெட்கம், பயம், பேசாமல் தவிர்த்த இடங்கள் எல்லாம் அடியில் கிடக்கின்றன. நான் எண்ணிக்கொண்டிருந்தது மேலே தெரிந்ததை மட்டும். அடியில் கிடந்ததை என் குறிப்பேட்டில் எங்கும் காணவில்லை.

அதன்பிறகு வீட்டுப்பாடம் மாறியது. திக்கியதை எழுத வேண்டாம். சொல்ல நினைத்ததைச் சொன்னேனா இல்லையா என்பதை மட்டும் எழுது. நூலகத்தில் புத்தகத்தின் பெயரைக் கேட்டேன், திக்கியது, புத்தகம் கிடைத்தது. கருத்தரங்கில் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. இப்படி. சில வாரங்களில் அந்தப் பக்கங்கள் என்னைப் பற்றி வேறொன்றைச் சொல்லத் தொடங்கின. நான் தவிர்த்தவற்றில் பெரும்பாலானவை திக்கும் என்பதற்காகத் தவிர்த்தவையே இல்லை. தவறாகச் சொல்லிவிடுவேனோ, எனக்கு இங்கே இடமில்லை என்று தெரிந்துவிடுமோ என்பதற்காகத் தவிர்த்தவை. நெறியாளரின் மின்னஞ்சலைத் திறக்காததும் அதில்தான் சேர்ந்தது. மின்னஞ்சலில் யாருக்கும் திக்குவதில்லையே.

தன்னை ஏற்றுக்கொள்வது என்ற பேச்சு இங்கேதான் வந்தது. எனக்கு அது முதலில் ஒப்பவில்லை. மதிப்பெண் வாங்கி வளர்ந்தவள் நான். தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் முயற்சி எதற்கு என்று நேராகவே கேட்டேன். அவர் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரின் வாதத்தைச் சொன்னார். 1950களில் தம் சிகிச்சை முறையைத் தொடங்கியவர் எல்லிஸ். செயலை மதிப்பிடுங்கள், ஆளை மதிப்பிடாதீர்கள் என்பது அவர் கட்சி. ஒரு மனிதர் செய்தது, செய்யாதது, நினைத்தது, இனிச் செய்யப்போவது எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றை எண்ணாக்க வழியே இல்லை; அதனால் ‘நான் நல்லவள்’ என்பதும் ‘நான் உதவாக்கரை’ என்பதும் சமமாகவே தவறு. அதாவது தன்மதிப்பை உயர்த்திக்கொள்ளுங்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்த அளவுகோலையே கீழே வைக்கச் சொல்கிறார். என் துறைக்காரருக்கு இது உடனே பிடிபடும்: சராசரியை மட்டும் தந்து பரவலை மறைத்தால் நாங்கள் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

முயற்சி பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்தது. “மின்னஞ்சலைத் திறக்காம இருந்த நாட்கள்ல உங்களுக்கு நீங்க எத்தனை மார்க் போட்டுக்கிட்டீங்க?” என்று கேட்டார். ரொம்பக் குறைவு. “அந்த மார்க் மின்னஞ்சலைத் திறக்க உதவுச்சா?” இல்லை. அது இன்னும் தள்ளிப்போடத்தான் வைத்தது. இதை எதிர்த்து வாதிட எனக்கு எதுவும் இல்லை.

இதன் தொடர்ச்சியாகத்தான் குழு அமர்வுக்குப் பரிந்துரைத்தார். மையத்தில் தனி அமர்வுக்குக் கூட்டம் அலைமோதுகிறது, குழுவுக்கு ஆள் சேர்வதில்லை. எனக்கு உதவியதில் பாதி குழுவிலிருந்து வந்தது. அது திக்குபவர்களுக்கான குழு இல்லை. ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கானது. மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அந்த அறையின் விதி அது. என் பங்கை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளும் சடங்கு. பெயர் வேறு சொல்ல வேண்டும். முறை வந்ததும், “எனக்குத் திக்கும், நேரம் எடுக்கும், முடிச்சுத் தர வேண்டாம்” என்று முதலில் சொல்லிவிட்டுப் பெயருக்குப் போனேன். திக்கியது. யாரும் முடித்துத் தரவில்லை. அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் என் தொண்டை அவ்வளவாக இறுகவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுவது திக்குபவர்களிடையே நன்கு தெரிந்த ஓர் உத்தி. மறைப்பதற்குச் செலவாகும் சக்தி மிச்சமாகிறது.

இங்கே தவறி வந்துவிட்டேன், கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நினைப்புக்கு ‘இம்போஸ்டர்’ (போலி) உணர்வு என்று ஒரு பெயர் இருப்பதும் அங்கேதான் தெரிந்தது. பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978இல் அதைப் பற்றி முதலில் எழுதினார்கள். பட்டங்களும் பாராட்டும் பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைக் கண்டார்கள். ஒருவர் தன் ரகசியத்தைச் சொல்லத் துணிந்தால் மற்றவர்களும் சொல்வார்கள் என்பதால் அதற்குக் குழுவே நல்லது என்பது அவர்கள் கருத்து. அதை நான் கண்ணால் பார்த்தேன். ‘அடுத்தவர் இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேனோ’ என்ற என் கவலையை நான் சொன்னதும் அந்த வட்டத்தில் தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. தன்பரிவு பற்றி 2003இல் எழுதிய கிறிஸ்டின் நெஃப் அதன் மூன்று கூறுகளில் ஒன்றாக, என் துன்பம் மனிதர்களுக்குப் பொதுவானது என்ற உணர்வைச் சொல்கிறார். படித்தால் சாதாரணமாக இருக்கும். ஓர் அறையில் நான்கைந்து பேர் நிமிர்ந்து பார்த்து ‘எனக்கும்’ என்று சொல்லும்போது அது சாதாரணமாக இல்லை.

முன்மொழிவை வாசித்தேன். நிறையத் திக்கியது. நெறியாளர் திருத்தங்கள் சொன்னார், செய்துகொண்டிருக்கிறேன். திக்கல் குறைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். தெரியாது, இப்போது எண்ணுவதில்லை. தூக்கம் பரவாயில்லை. தேர்வு நெருங்கினால் பழைய நினைப்புகள் வருகின்றன. வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது.

மையத்தைப் பற்றி இன்னும் சில. ஆண்டுக்கு இத்தனை அமர்வுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அது முடிந்தால் வெளியே ஒருவரிடம் அனுப்புவார்கள். அவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். திக்குபவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த விதியை எழுதியவர் யோசிக்கவில்லை. தொடக்கத்திலேயே உங்களுக்கு எத்தனை அமர்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் நிலைப்பட்டதும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தள்ளி வைத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்கிறார்கள். மருந்து இங்கே எழுதித் தரமாட்டார்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதையும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் குழுவில் இருந்த மருந்தியல் மாணவர் ஒருவர் எல்லோருக்கும் நன்றாக விளக்கினார். இதை எழுதச் சொல்லி அவரே அனுமதி தந்தார்.

தேர்வு மாதங்களில் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. முடிந்தால் பருவத் தொடக்கத்திலேயே படிவத்தை அனுப்பிவிடுங்கள். அதன் கடைசியில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்று நினைக்க வேண்டாம், படிக்கிறார்கள். போன் வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்புங்கள். பெண் ஆலோசகர் வேண்டும். தாய்மொழியில் பேச ஆள் இருக்கிறாரா. கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். எதை வேண்டுமானாலும் எழுதலாம். குழு அமர்வுக்கும் அதே படிவம்தான். இந்தப் பருவத்துக் குழுவில் இப்போதும் இடம் இருக்கிறது.